காய்கறி நிறமிகளும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும்: தட்டில் சேரட்டும், புட்டியில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மைக் காலமாக நம் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருக்கிறது. காய்கறி, பழங்களுக்கு மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்புமாக நிறம் தரும் கரோட்டினாய்டுகள் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை 42 விழுக்காடு குறைக்கின்றன என்பது அதன் முதல் பாதி; ஆகவே அவற்றுள் ஒன்றான பீட்டா கரோட்டினை மாத்திரையாக நாள்தோறும் போட்டுக்கொள்ளுங்கள் என்பது மறுபாதி. முதல் பாதிக்கு ஓர் ஆய்வு இருக்கிறது. மறுபாதிக்கு ஆதாரம் இல்லாதது மட்டுமன்று, புகைபிடிப்பவர்கள் அதைப் பின்பற்றினால் தீங்கு நேரும் என்பதற்கே வலுவான ஆதாரம் இருக்கிறது. மருந்தாளராகப் பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்குச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

அந்த 42 எங்கிருந்து வந்தது? அதுவரை வெளிவந்திருந்த 22 ஆய்வுகளை, மொத்தம் 516,740 பேரின் விவரங்களை, ஒன்றுசேர்த்துக் கணக்கிட்ட தொகுப்பாய்வு ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கரோட்டினாய்டு என்பது ஒரு பொருள் அன்று. இயற்கையில் அறுநூற்றுக்கும் மேற்பட்டவை உண்டு, மனித இரத்தத்தில் பெருமளவில் காணப்படுபவை ஆறு. அந்த ஆறில் ஒன்றான பீட்டா கிரிப்டோசாந்தின் என்ற நிறமியை நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் கூடுதலாக உண்பவர்களிடம் இந்நோய் 42 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது என்பதே அந்த ஆய்வு சொன்னது. மாத்திரைகளில் அடைபடும் பீட்டா கரோட்டினைப் பற்றிய எண் அன்று அது. ஒரு மில்லிகிராம் என்பதும் கேட்பதற்குத்தான் சிறியது. சீனப் புத்தாண்டுக்கு நாம் இரண்டிரண்டாகக் கையில் கொடுத்து வாழ்த்துகிறோமே, அந்த மாண்டரின் ஆரஞ்சில் இந்த நிறமி நிறைய உண்டு. அப்படியிருந்தும் ஒரு மில்லிகிராம் சேர வேண்டுமானால் ஏறக்குறையக் கால் கிலோ சுளையை நாள்தோறும் தின்ன வேண்டும். பப்பாளி என்றால் அதைவிடச் சற்றுக் குறைவாகப் போதும்.

அதே ஆய்வில் இதைவிடக் கவர்ச்சியான எண்ணும் இருக்கிறது. இரத்தத்தில் ஆல்ஃபா கரோட்டின் லிட்டருக்கு ஒரு மைக்ரோமோல் கூடினால் நோய் வாய்ப்பு 76 விழுக்காடு குறைகிறது என்று அது கணக்கிட்டது. ஆனால் சாதாரண மனிதர்களின் இரத்தத்தில் இந்தப் பொருள் அதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். எட்டாத உயரத்துக்குக் கோடு இழுத்து, அங்கே எவ்வளவு நன்மை கிடைக்கும் என்று கணக்குச் சொல்வது புள்ளியியலில் தவறாகாது. அதை அப்படியே தலைப்பாக்கி ஊருக்கெல்லாம் அனுப்புவதுதான் தவறு. உணவில் உள்ள கரோட்டினாய்டுகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த குறைவோ சிறியது, தற்செயலாக வந்திருக்கக்கூடும் என்ற எல்லைக்குள் அடங்கியது. வாட்ஸ்அப்பில் அந்த எண் வரவில்லை.

இருந்தாலும் இந்த ஆராய்ச்சியை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். வைட்டமின் ஏ கிடைக்காத எலிகளின் சிறுநீர்ப் பாதையில் உள்வரிச் சவ்வு தன் இயல்பை இழந்து தோல்போலத் தடித்துவிடுவதை 1925லேயே அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். ஆல்ஃபா கரோட்டின், பீட்டா கரோட்டின், பீட்டா கிரிப்டோசாந்தின் ஆகிய மூன்றையும் நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அந்தச் சவ்வின் செல்கள் ஒழுங்காக வளர்ந்து முதிர வைட்டமின் ஏ வேண்டும். ஆகவே இந்நிறமிகளுக்கும் சிறுநீர்ப்பைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஐயுற்றதில் நியாயம் உண்டு. ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். கரோட்டினாய்டுகள் கொழுப்பில் கரைபவை. இரத்தத்தில் கொழுப்புத் துகள்களோடு சேர்ந்தே பயணம் செய்கின்றன. எனவே அவை சிறுநீரோடு இறங்கிப் பையின் சுவரைக் கழுவிச் சுத்தம் செய்யும் என்று சிலர் விளக்குவது உடலியங்கியலுக்குப் பொருந்தாது. அவற்றால் நன்மை உண்டென்றால் அது இரத்தத்தின் வழியாகவே அந்தச் செல்களைச் சென்றடைய வேண்டும்.

இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை மக்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, பின்னர் யாருக்கு நோய் வந்தது என்று பார்ப்பவை. அல்லது நோய் வந்தபின் முன்பு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பவை. நிறையக் கீரையும் பழமும் உண்பவர் பெரும்பாலும் புகைபிடிக்காதவராகவும் உடற்பயிற்சி செய்பவராகவும் இருக்கிறார். புகைபிடிப்பவரின் இரத்தத்திலோ பீட்டா கரோட்டின் அளவு இயல்பாகவே குறைந்திருக்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதற்காரணமே புகைதான். இரத்தத்தில் கரோட்டின் குறைந்தவருக்கு நோய் வந்தால், அது கரோட்டின் குறைந்ததால் வந்ததா, கரோட்டினைக் குறைத்த சிகரெட்டால் வந்ததா? கணக்கில் எவ்வளவு திருத்தம் செய்தாலும் இந்தச் சிக்கல் முழுவதும் விடுபடுவதில்லை.

நம் சிங்கப்பூரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 1993 முதல் 1998 வரை 63,257 சீனர்களைச் சேர்த்துத் தொடங்கிய சிங்கப்பூர்ச் சீனர் சுகாதார ஆய்வு உலகறிந்தது. அதிலிருந்து 2002இல் வெளிவந்த ஒரு கட்டுரை, சோயா உணவை அதிகம் உண்பவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டதாகத் தெரிவித்தது. அறுபது சொச்சம் நோயாளிகளை வைத்துச் செய்த கணக்கு அது. அதைப் படித்துவிட்டு யாரும் தௌஃபு உண்பதை நிறுத்தவில்லை, நிறுத்தும்படி எந்த மருத்துவரும் சொல்லவுமில்லை. கெட்ட செய்தி வரும்போது நமக்குத் தானாக வந்துவிடும் இந்த நிதானம், நல்ல செய்தி வரும்போது எங்கே போய்விடுகிறது என்று எனக்குப் புரிவதில்லை.

சிக்கலைத் தீர்க்க ஒரே வழி, மக்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பகுதியினருக்கு உண்மையான மாத்திரையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பல ஆண்டுகள் காத்திருப்பது. பீட்டா கரோட்டினைப் பொறுத்தவரை அது நடந்து முடிந்துவிட்டது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்துச் செய்த சோதனையில் நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் தரப்பட்டது. நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994இல் முடிவு வெளிவந்தபோது அது 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்போர், புகையை விட்டோர், கல்நார் தொழிலாளர் என 18,314 பேரைக் கொண்டு நடந்த இன்னொரு சோதனையில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏயும் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடும் மரணம் 17 விழுக்காடும் கூடியதைக் கண்டு, குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்னதாகவே, 1996 ஜனவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். பெரும்பாலும் புகைபிடிக்காத அமெரிக்க ஆண் மருத்துவர்கள் 22,071 பேரிடம் பன்னிரண்டு ஆண்டுகள் நடந்த மூன்றாவது சோதனையில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

சிறுநீர்ப்பைக்கு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அதே பின்லாந்துச் சோதனையில் சிறுநீர்ப் பாதைப் புற்றுநோய்களைத் தனியே எண்ணி 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பீட்டா கரோட்டின் அவற்றைக் குறைக்கவில்லை. மாத்திரையால் சிறுநீர்ப்பைக்கு ஒரு பயனும் கிடைக்காமல் நுரையீரலுக்குக் கேடு மட்டும் வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பரிந்துரைக் குழு 2014இலும் 2022இலும் புற்றுநோயைத் தடுப்பதற்காகப் பீட்டா கரோட்டின் எடுக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

இருபது மில்லிகிராம் என்பது கால் கிலோ கேரட்டில் இருக்கும் அளவுதானே, கேரட் தின்றவர் யாருக்காவது புற்றுநோய் வந்ததா என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். நல்ல கேள்விதான். கேரட்டின் கரோட்டின் செல்சுவர்களுக்குள் சிறைப்பட்டிருக்கிறது. அதில் சிறு பகுதிதான் குடலில் உறிஞ்சப்படுகிறது. மாத்திரையிலோ அதை முன்பே பிரித்தெடுத்து, எளிதில் உறிஞ்சப்படும் வடிவில் வைத்திருக்கிறார்கள். இரத்தத்தில் அதன் அளவு உணவால் எட்ட முடியாத உயரத்துக்கு ஏறிவிடுகிறது. புகையால் ஏற்கெனவே புண்பட்ட நுரையீரலில் அவ்வளவு கரோட்டின் சேரும்போது அது சிதைந்து உண்டாகும் பொருள்கள் செல்களின் வளர்ச்சியைக் கெடுக்கின்றன என்பதைப் பெர்ரெட் என்ற, நீர்நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த சிறு விலங்குகளைப் புகைக்கு உட்படுத்திச் செய்த சோதனைகள் காட்டின.

அண்மையில் நண்பர் ஒருவர் தம் மாமனாருக்காக வாங்கிய புட்டி ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். முன்பக்கத்தில் கண்ணின் படம், பெரிய எழுத்தில் கண்பார்வைக்கும் நோய் எதிர்ப்புச் சக்திக்கும் என்ற வாசகம். பின்பக்கத்தில் பூதக்கண்ணாடி இல்லாமல் எனக்குப் படிக்க முடியாத எழுத்தில், பீட்டா கரோட்டின் 25,000 அனைத்துலக அலகு. மில்லிகிராமில் சொன்னால் 15. மாமனார் பழைய துறைமுகத் தொழிலாளி, இன்றும் காப்பிக்கடைக்குப் பக்கத்தில் புகைபிடிக்க ஒதுக்கிய மஞ்சள் கோட்டு எல்லைக்குள் நின்று நாளுக்கு ஒரு பெட்டி புகைப்பவர். புகைபிடிப்போர் தவிர்க்க வேண்டும் என்ற ஒரு வரி அந்தப் புட்டியில் எங்குமே இல்லை. விழித்திரை நோயுள்ளவர்களுக்கென அமெரிக்காவில் வகுத்த பழைய மருந்துக் கலவையில் இதே 15 மில்லிகிராம் இருந்தது. புகையை விட்டவர்களிடம்கூட நுரையீரல் புற்றுநோய் கூடுதலாகத் தென்பட்டதால் 2013இல் முடிவு வெளிவந்த சோதனைக்குப் பின் அதை நீக்கி, வேறு இரு கரோட்டினாய்டுகளான லூட்டீனும் சியாசாந்தினும் சேர்த்த கலவையைப் பரிந்துரைக்கத் தொடங்கினார்கள். பழைய கலவையைப் பின்பற்றிய புட்டிகள் இன்னும் வீடுகளில் இருக்கலாம். கண் மருத்துவர் எழுதிக் கொடுத்ததை யாரும் தாமாக நிறுத்த வேண்டாம். ஆனால் புகைபிடிப்பவரும் முன்பு பிடித்தவரும் புட்டியை எடுத்துக்கொண்டு மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ ஒருமுறை காட்டிவிட வேண்டும்.

கடையில் விற்கிறார்கள், அரசாங்கம் பார்த்துத்தானே அனுமதித்திருக்கும் என்று நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். மருந்துகளுக்கு அது பொருந்தும். ஊட்டச்சத்து மாத்திரைகளைச் சிங்கப்பூரில் விற்பதற்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதியோ உரிமமோ தேவையில்லை. பாதுகாப்புக்கும் தரத்துக்கும் இறக்குமதி செய்பவரும் விற்பவருமே பொறுப்பு. நச்சுப் பொருள் கலந்தால் ஆணையம் நடவடிக்கை எடுக்கும். மாமனார் புகைபிடிக்கிறாரா என்று அது வந்து விசாரிக்காது.

இனி தட்டுக்கு வருவோம். உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் 2015இல் வெளியிட்ட அறிக்கை, காய்கறி பழங்கள் சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் குறைக்கலாம் என்பதற்கான ஆதாரத்தை வரையறுக்கப்பட்டது, ஆனால் குறிப்புக் காட்டுவது என்று வகைப்படுத்தியது. அடக்கமான சொற்கள்தான், ஆயினும் போதுமானவை. ஏனென்றால் கீரை சாப்பிடுவதற்கு இதயம், குடல், கண் என்று வேறு காரணங்களும் இருக்கின்றன, செலவும் அதிகமில்லை. டெக்கா சந்தையின் காய்கறிப் பகுதியில் காலையில் போய் நின்றால் முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, தண்டுக்கீரை, பரங்கிக்கீற்று, சர்க்கரைவள்ளி, தக்காளி என்று இந்த நிறமிகளின் முழுப் பட்டியலையும் கண்ணாலேயே படித்துவிடலாம். கீரையிலும் கரோட்டின் உண்டு. பச்சையம் அதை மறைத்து நிற்கிறது, அவ்வளவுதான். அக்கம்பக்கத்துச் சந்தையில் கிடைக்கும் கைலானும் சாய்சிம்மும் இவற்றுக்கு எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. நம் வீடுகளில் அவற்றைச் சீனர் சமையலுக்கு உரியவை என்று ஒதுக்கிவைப்பது வீண் பிடிவாதம்.

சமைக்கும் முறையும் முக்கியம். பச்சைக் கேரட்டைக் கடிப்பதைவிட, நறுக்கி வேகவைத்துச் சிறிது எண்ணெயில் தாளித்தால் நிறமி அதிகம் உறிஞ்சப்படும். தக்காளியின் செந்நிறமியான லைக்கோபீனும் அப்படியே. எண்ணெய் பிரிய வதக்கிய தக்காளித் தொக்கிலிருந்து அது கிடைக்கும் அளவுக்குப் பச்சைத் தக்காளியிலிருந்து கிடைக்காது. வெறும் கேரட் சாற்றை வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்லும் செய்திகள் அறிவியலுக்கு நேரெதிராக இருக்கின்றன. பருப்பும் தேங்காயும் சேர்த்த நம் கீரைக் கூட்டே இந்தக் காரியத்துக்கு ஏற்ற பண்டம். தேங்காய் அளவோடு இருக்கட்டும் என்று நீரிழிவும் கொழுப்பும் மிகுந்த நம் சமூகத்துக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். இடையில் ஒரு வேடிக்கை: அண்டை நாட்டில் பிழியும் செம்பனை எண்ணெய், கரோட்டினாய்டு மிக மிகுந்த இயற்கை எண்ணெய்களுள் ஒன்று, அதன் செந்நிறமே அதனால் வந்தது. சமையலுக்கு ஏற்றபடி வெளுக்கச் செய்து, உயர் வெப்பத்தில் வாடை நீக்கும்போது அவ்வளவும் போய்விடுகிறது. அதை நீக்கிய எண்ணெயை ஒரு கடையில் வாங்கிக்கொண்டு, நீக்கிய பொருளைப் புட்டியில் அடுத்த கடையில் தேடுகிறோம்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அரிய நோயன்று. 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 573,000 பேருக்குப் புதிதாக வந்தது; பெண்களைவிட ஆண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். அதில் ஏறக்குறையப் பாதிக்குப் புகைதான் காரணம். சிகரெட் புகையிலுள்ள அரோமாட்டிக் அமைன்கள் நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு, சிறுநீரோடு பையில் மணிக்கணக்கில் தேங்கி நின்று சுவரை அரிக்கின்றன. இதே குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள்கள் புழங்கிய ஜெர்மனியின் சாயத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இந்த நோய் வருவதை லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் 1895லேயே எடுத்துக்காட்டினார். ஆகவே நுரையீரலுக்குக் கேடு என்று மட்டுமே புகையைப் பற்றி நாம் பேசுவது பாதிப் பேச்சு. புகையை விட்டவருக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல அபாயம் குறைகிறது. எந்தக் காய்கறியும் அந்த அளவுக்குக் குறைத்ததாக எந்த ஆய்விலும் நான் படித்ததில்லை. புகையை விட உதவுவதற்கென்றே சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஐ குவிட் திட்டம் இருக்கிறது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வரி. அமெரிக்க ஆண் சுகாதாரப் பணியாளர்கள் 47,909 பேரைக் கண்காணித்த ஆய்வு, அதிக நீராகாரம் அருந்தியவர்களிடம் இந்நோய் குறைவாக இருந்ததாக 1999இல் தெரிவித்தது. இதுவும் கண்காணிப்பு ஆய்வுதான், மேலே சொன்ன ஐயங்கள் இதற்கும் உண்டு.

இவை எல்லாவற்றையும்விட அவசரமான ஒன்று இருக்கிறது. இந்நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியே இல்லாமல் சிறுநீரில் வரும் இரத்தம். நம்மவர் அதைக் கண்டதும் உடம்பு சூடு என்கிறார்கள். இளநீரும் பார்லித் தண்ணீரும் குடிக்கிறார்கள். இரண்டு நாளில் நிறம் தெளிந்துவிடுகிறது, ஏனென்றால் இந்த இரத்தம் இயல்பாகவே விட்டுவிட்டு வரும். பார்லித் தண்ணீர் குணப்படுத்திவிட்டதாக எண்ணிச் சும்மா இருந்துவிடுகிறார்கள். அடுத்த முறை வரும்போது மாதங்கள் கடந்திருக்கும். நேற்று பீட்ரூட் சாப்பிட்டேன், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறேன் என்ற சமாதானங்களும் உண்டு. மாத்திரை எடுப்பவருக்கும் பரிசோதனை வேண்டும். பெண்களிடம் இதைக் கிருமித்தொற்று என்று திரும்பத் திரும்ப மருந்து கொடுத்துக் காலம் கடத்துவதும் நேர்கிறது. ஒரே ஒருமுறை வந்தாலும், வலி இல்லாவிட்டாலும், பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ சென்று சொல்லிவிட வேண்டும். மேலோட்டமான நிலையில் கண்டுபிடித்தால், சிறுநீர்ப்பையை அகற்றாமலேயே கட்டியைச் சுரண்டி எடுத்துச் சிகிச்சை தர முடிகிறது.

தங்கள் நாளிதழிடமும் சமூக அமைப்புகளிடமும் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். உணவும் புற்றுநோயும் பற்றிய செய்தியை வெளியிடும்போது விழுக்காட்டோடு நிறுத்திவிடாமல், எந்தப் பொருள், எவ்வளவு, யாரிடம் பார்த்தது, கண்காணித்ததா அல்லது கொடுத்துச் சோதித்ததா என்ற நான்கையும் சேர்த்து அச்சிடுங்கள். முதியோருக்கான நிகழ்ச்சிகளில் அன்பளிப்புப் பைக்குள் ஊட்டச்சத்து மாத்திரைகளை வைத்துக் கொடுக்கும் அமைப்புகள், அவற்றில் பீட்டா கரோட்டின் இருந்தால், புகைபிடிப்போரும் முன்பு பிடித்தவரும் உண்ண வேண்டாம் என்று தமிழில், பெரிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டித் தர வேண்டும். அது முடியாதென்றால் அந்தப் புட்டிக்குப் பதிலாக ஒரு பப்பாளியை வைத்துக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளர்,
ஈசூன்